பத்து ரூபாய் நோட்டை நிறுத்திவிட்டு நாணயம் மட்டும் விட்டால் சரிப்படுமா?

தேனி_மளிகை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் இன்றைக்கும் பாதிப் பேர் வாங்குவதில்லை. "இது செல்லாதுங்க, நோட்டா குடுங்க" என்கிறார்கள். அப்படிக் கேட்டு வாங்கும் நோட்டின் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, எண்ணெயும் மஞ்சள்தூளும் ஏறி, காந்தி முகமே தெரியாமல் இருக்கும். அது செல்லுமாம், பளிச்சென்று இருக்கும் நாணயம் செல்லாதாம்.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகளை நிறுத்தி நாணயமாக்கினார்கள். அதே மாதிரி பத்தையும் இருபதையும் மாற்றிவிட்டால் என்ன? கல்லாவில் உட்காருகிறவன் என்ற முறையில் மாற்றலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் என் கடைக்கு வசதியாக இருப்பது ஊருக்கும் வசதியாக இருக்க வேண்டுமே. வங்கியில் வேலை பார்த்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், நாணயம் சேகரிப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

பழைய_காசாளர்

தம்பி, நான் கவுண்டரில் உட்கார்ந்த காலத்திலேயே இந்தப் பேச்சு உண்டு. ஒரு ரூபாய் நோட்டு அச்சடிப்பது 1994இல் நின்றது. 1995இல் இரண்டும் ஐந்தும் நின்றன. ரிசர்வ் வங்கி சொன்ன காரணம் நியாயமானது. எண்ணிக்கையில் பார்த்தால் புழக்கத்தில் இருந்த நோட்டுகளில் இந்தச் சின்ன நோட்டுகளே மிக அதிகம். மதிப்பில் பார்த்தால் மிகக் கொஞ்சம். ஆயுளோ சராசரியாக ஓராண்டுகூட இல்லை. அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பி, எண்ணிக் கட்டி, அழுக்கானதைத் திரும்ப வாங்கி அழிப்பதற்குள் ஆகும் செலவுக்கு அந்தத் தாளின் மதிப்பு ஈடாகவில்லை.

ஆனால் அப்புறம் நடந்ததையும் பாருங்கள். தேவைக்கு ஏற்ற அளவு நாணயம் வரவில்லை. கடைகளில் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாயைக் கையில் வைத்தார்கள். கடைசியில் ஐந்து ரூபாய் நோட்டை மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது. ஒரு ரூபாய் நோட்டும் 2015இல் திரும்ப வந்தது, ஆனால் அன்றாடப் புழக்கத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை.

தாளை நிறுத்த ஓர் உத்தரவு போதும். அதன் இடத்தை நிரப்பும் அளவுக்கு நாணயம் அடித்துக் கிராமம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு வேலை. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நாட்டுக்கே நான்கு நாணயச்சாலைகள்தான். அடிப்பது மத்திய அரசு, விநியோகிப்பது ரிசர்வ் வங்கி, மக்கள் கையில் கொடுப்பது வங்கிக் கிளை. மூன்றில் ஒன்று சுணங்கினாலும் சில்லறைத் தட்டுப்பாடுதான்.

கோவை_பைபாஸ்

வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்குள் போனால் டீக்கடை, பஸ், லாட்டரிக் கடை எல்லா இடத்திலும் பத்து ரூபாய் நாணயத்தைக் கேள்வி கேட்காமல் வாங்குகிறார்கள். திரும்பி இந்தப் பக்கம் வந்தால் அதே நாணயம் செல்லாது. சட்டம் ஒன்று, அரசாங்கம் ஒன்று. அப்படி இருக்க, ஒரு சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் செல்லாமல் போவது எப்படி? நோட்டை நிறுத்துவதற்கு முன்னால் இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும்.

நாணயப்பெட்டி

அது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன், நான் இந்த நாணயங்களைச் சேகரிப்பவன்.

பத்து ரூபாய் நாணயம் 2009இல் புழக்கத்துக்கு வந்தது. முதலில் வந்தவற்றில் ரூபாய்க் குறியீடு இருக்காது, ஏனென்றால் ₹ என்ற குறியீடே 2010இல்தான் முடிவானது. 2011க்குப் பிறகு வந்தவற்றில் குறியீடு இருக்கும். அதோடு ஒரு வடிவத்தில் எண்ணுக்கு மேலே 15 கோடுகள், இன்னொன்றில் 10 கோடுகள். அப்புறம் சிறப்பு நிகழ்வுகளுக்காக வெளியிட்டவை வேறு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டபோது மொத்தம் 14 வடிவங்கள் புழக்கத்தில் இருந்தன. பதினான்கும் செல்லும் என்று அந்த அறிக்கையிலேயே தெளிவாகச் சொன்னார்கள். 14440 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் பதிவு செய்த குரல் விளக்கம் சொல்லும் ஏற்பாடும் செய்தார்கள்.

2016இல் தில்லியில் போலி நாணயம் அடித்த கும்பல் பிடிபட்ட செய்தி வந்தது. அதையும் இந்த வடிவ வித்தியாசத்தையும் சேர்த்து "10 கோடு இருந்தால் அசல், 15 கோடு இருந்தால் போலி" என்று யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதுவும் சுருங்கி, "பத்து ரூபாய் காயின் செல்லாது" என்ற ஒரே வரியாகிவிட்டது. ரிசர்வ் வங்கி எத்தனை அறிக்கை விட்டாலும் அந்த ஒரு வரியைப் பிடிக்க முடியவில்லை.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. தினமும் கை மாறுகிற காசுக்கு ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும். நினைவு நாணயம் வெளியிடுவதற்கு 100 ரூபாய், 150 ரூபாய் என்று தனி வகைகள் இருக்கின்றன. பூக்கடைப் பாட்டி கையில் போகும் பத்து ரூபாயில் வருடத்துக்கு ஒரு படம் மாற்றுவது என்னைப் போன்ற சேகரிப்பாளருக்குக் கொண்டாட்டம், அந்தப் பாட்டிக்குச் சந்தேகம்.

இன்னொரு செய்தி. நாம் நோட்டிலிருந்து நாணயத்துக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறோம். நம் நாட்டில் ஒரு ரூபாய் நோட்டு பிறந்ததே எதிர்த்திசையில். முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறி, வெள்ளி ரூபாய் அடிக்க முடியாமல் போனதால் 1917இல் தாள் விட்டார்கள். மக்கள் நம்ப வேண்டும் என்று ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயின் படத்தையே அந்தத் தாளில் அச்சடித்தார்கள். 2015இல் வந்த ஒரு ரூபாய் நோட்டிலும் நாணயப் படம் உண்டு. அதில் கையெழுத்துப் போடுபவர் ரிசர்வ் வங்கி ஆளுநர் இல்லை, நிதித்துறைச் செயலாளர். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி அந்தத் தாளே நாணயம் என்ற கணக்கில்தான் வருகிறது.

சேலம்_கணக்கு

செலவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018இல் வெளிவந்த விவரப்படி ஒரு ரூபாய் நாணயம் அடிக்க 1.11 ரூபாய், இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்துக்கு 3.69, பத்துக்கு 5.54 ரூபாய் ஆனது. பத்து ரூபாய் நோட்டு அச்சடிக்க 2021-22இல் ஏறக்குறைய 96 காசு.

மேலோட்டமாகப் பார்த்தால் நோட்டுதான் மலிவு. ஆனால் நோட்டு ஓராண்டில் நைந்து போகும் என்றால், ஆறு ஆண்டுகளில் ஆறு நோட்டு அடித்திருப்போம். 96 காசு வீதம் 5.76 ரூபாய் ஆகிவிட்டது. நாணயம் இருபது ஆண்டுக்குக் குறையாமல் தாங்கும். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு எல்லாம் மிச்சம்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நாணயம் இருபது ஆண்டும் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு உண்டியலிலோ, டப்பாவிலோ, வங்கிப் பெட்டகத்திலோ தூங்கினால் அதற்குப் பதில் இன்னொன்று அடிக்க வேண்டும். அமெரிக்காவில் இதைக் கணக்கிட்டபோது ஒரு டாலர் நோட்டு ஒன்றுக்கு ஒன்றரை நாணயம் தேவைப்படும் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள்.

மாட்டுத்தாவணி_பூ

அண்ணன்மார்களே, அச்சடிக்கும் செலவைப் பேசுகிறீர்கள். வாங்கி வைத்திருப்பவர் படும் செலவையும் கேளுங்கள்.

என் அம்மா கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறார். வேறு எங்கேயும் வாங்காத நாணயத்தையெல்லாம் ஆட்கள் அம்மாவிடம்தான் கொண்டுவந்து தள்ளுகிறார்கள். "வேணாம்" என்று சொன்னால் அந்த முழம் பூ விற்காது, சாயங்காலம் வாடிப்போகும். அதனால் வாங்கிக்கொள்கிறார். மறுநாள் விடியற்காலை மொத்தப் பூ எடுக்கப் போனால் அங்கே நாணயம் எடுப்பதில்லை. தண்டல் வசூலுக்கு வருபவர் நோட்டு இருந்தால்தான் அட்டையில் வரவு வைப்பார். வீட்டு வாடகைக்கு நாணயமாக எண்ணிக் கொடுக்க முடியுமா? வங்கிக்குப் போனால், "கூட்டமா இருக்கு, எண்ண ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்கம்மா". கடைசியில் நாணயத்தை வாங்கிக்கொண்டு நோட்டு தருபவர் ஒருவர் இருக்கிறார். ஆயிரத்துக்கு 50 ரூபாய் பிடித்துக்கொள்வார்.

அந்த 50 ரூபாய் அம்மாவின் ஒரு நாள் லாபத்தில் பெரிய பங்கு. வருவதெல்லாம் அம்மாவிடம் வந்து நின்றுவிடுகிறது, அங்கிருந்து மேலே போக வழியில்லை. நோட்டை நிறுத்தினால் இது சரியாகுமா, இன்னும் கூடுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

தேனி_மளிகை

தங்கச்சி, நீங்கள் சொன்னதுதான் இதில் முக்கியமானது. எனக்கும் லைன் வண்டியில் சரக்குப் போடுபவர்கள் நாணயம் எடுப்பதில்லை, ஆனால் எனக்கு ஜிபே இருக்கிறது, ஏஜென்சிக்கு நேராக அனுப்பிவிடுகிறேன். அம்மாவுக்கு அந்த வழியும் குறைவு.

காசாளர் ஐயா, வங்கி வாங்க மறுக்கலாமா?

பழைய_காசாளர்

மறுக்கக் கூடாது. எல்லா வங்கிக் கிளைகளும் பொதுமக்களிடமிருந்து எல்லா மதிப்பு நாணயங்களையும் வாங்க வேண்டும், மாற்றியும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. எண்ண நேரமில்லை என்ற சாக்குக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. ஒன்று, இரண்டு ரூபாய் நாணயங்களை எடை போட்டு வாங்கலாம். இல்லையென்றால் நூறு நூறாகப் பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: நூறு நூறாக எண்ணிப் பையில் போட்டு, அவர் கணக்கிலேயே செலுத்தும் சலானோடு போகச் சொல்லுங்கள். "மாற்றித் தாருங்கள்" என்பதைவிட "கணக்கில் வரவு வையுங்கள்" என்றால் தட்டிக் கழிப்பது கடினம். அப்படியும் மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் கேட்டால் எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள், தமிழிலும் பேசலாம்.

கிளையின் சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஏழே முக்கால் கிலோ. பெட்டக அறையில் மூட்டைகள் சேர்ந்தால் வைக்க இடம் இருக்காது. மேலே இருக்கும் கரன்சி செஸ்டும் (ரிசர்வ் வங்கிக்காகப் பணத்தை இருப்பு வைத்துக் கிளைகளுக்குக் கொடுக்கும் பெட்டகம்) எடுத்துக்கொள்ள யோசிக்கும், வெளியே எடுத்துப்போக வாடிக்கையாளரும் முன்வர மாட்டார். வங்கிகள் நாணயம் விநியோகிப்பதற்கான ஊக்கத்தொகையை 2021இல் பைக்கு 25 ரூபாயிலிருந்து 65 ரூபாயாக உயர்த்தினார்கள். வெளியே கொடுப்பதற்குக் காசு தருகிறார்கள் அல்லவா, சின்ன வியாபாரியிடமிருந்து வாங்குவதற்கும் தந்தால் கிளைக்கு மனசு வரும்.

நாணயப்பெட்டி

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 2023இல் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் நாணயம் தரும் இயந்திரத்தை 12 நகரங்களில் 19 இடங்களில் சோதித்துப் பார்ப்பதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. நாணயம் வேண்டும் என்பவருக்கு அது உதவும். ஆனால் அதிகமாக வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு வேண்டியது நாணயத்தைப் போட்டால் எண்ணிக் கணக்கில் வரவு வைக்கும் இயந்திரம். பேருந்து நிலையத்திலும் பூ மார்க்கெட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் அந்த 50 ரூபாய் பிடிப்பவருக்கு வேலையே இருக்காது.

டொராண்டோ_தமிழ்

கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1987இல் ஒரு டாலர் நாணயம் வந்தது. தங்க நிறம், 11 பக்கம், ஒரு பக்கத்தில் லூன் என்ற நீர்ப்பறவை. அதனால் எல்லாரும் லூனி என்று அழைக்கிறோம். முதலில் முடிவு செய்த படமே வேறு. அதன் அச்சு வார்ப்புகள் வின்னிபெக்கில் இருக்கும் நாணயச்சாலைக்குப் போகும் வழியில் காணாமல் போய்விட்டன. யாராவது போலி அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பறவைக்கு மாறினார்கள்.

நாணயத்தை விட்டுவிட்டு "விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் இருந்துவிடவில்லை. இரண்டே ஆண்டில், 1989 ஜூன் முடிவில் ஒரு டாலர் நோட்டு வெளியிடுவதை நிறுத்தினார்கள். 1996இல் இரண்டு டாலருக்கும் அதே வழி. இப்போது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு டாலர் தாள் இருந்ததே தெரியாது.

பிரிட்டனும் அப்படித்தான். ஒரு பவுண்டு நாணயம் 1983இல் வந்தது, நோட்டு 1988இல் திரும்பப் பெறப்பட்டது. ஸ்காட்லாந்தில் மட்டும் இன்னும் ஒரு பவுண்டு தாள் உண்டு. ஆஸ்திரேலியா 1984இல் ஒரு டாலரையும் 1988இல் இரண்டு டாலரையும் நாணயமாக்கியது. நாணயம் நிலைத்த நாடுகளைப் பாருங்கள், நோட்டை எடுத்துவிட்டார்கள்.

நியூஜெர்சி_வாசகன்

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கும் நாடே சாட்சி. அமெரிக்கா 1979இல் டாலர் நாணயம் விட்டது. கால் டாலர் நாணயத்தைவிட இரண்டு மில்லிமீட்டர்தான் பெரியது, நிறமும் அதே. இருட்டில் எது எது என்று தெரியாது. 2000இல் பொன்னிறத்தில் ஒன்று, 2007 முதல் ஜனாதிபதிகள் படத்தோடு வரிசையாக. எதுவும் ஓடவில்லை, ஏனென்றால் ஒரு டாலர் நோட்டைக் கடைசிவரை நிறுத்தவில்லை. கேட்பாரற்று 140 கோடி நாணயங்களுக்கு மேல் மத்திய வங்கிப் பெட்டகங்களில் குவிந்த பிறகு, 2011 டிசம்பரில் புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்தினார்கள்.

ஆனால் நான் மாற்றத்துக்கு எதிரானவன், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பல முறை "நோட்டை நிறுத்து, நாணயத்துக்கு மாறு, 30 ஆண்டில் 440 கோடி டாலர் மிச்சம்" என்கிற மாதிரி அறிக்கை கொடுத்தது. 2019இல் அதே அலுவலகம் கணக்கை மறுபடி போட்டபோது முடிவு தலைகீழாகிவிட்டது. மாறினால் அரசுக்கு நஷ்டம் என்றார்கள். ஒரு டாலர் நோட்டின் ஆயுள் 3.3 ஆண்டிலிருந்து 7.9 ஆண்டாகக் கூடிவிட்டது, மக்கள் ரொக்கம் பயன்படுத்துவதும் குறைந்துவிட்டது. நோட்டு அதிக நாள் தாங்கி, ரொக்கமும் குறைந்துகொண்டே போகும்போது உலோகத்தில் பணத்தைப் போடுவது வீண். இந்தியாவுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சேலம்_கணக்கு

நண்பரே, இரண்டாவது காரணத்தை ஒத்துக்கொள்கிறேன், முதலாவது இங்கே பொருந்தாது. அங்கே டாலர் நோட்டு பர்ஸில் தட்டையாகப் படுத்திருக்கிறது. இங்கே பத்து ரூபாயை நான்காக மடித்துச் சட்டைப் பையிலும் இடுப்புச் சுருக்குப் பையிலும் வைக்கிறோம், மீன் கடையில் ஈரக் கையால் வாங்குகிறோம், மாலையாகக் கோத்து மாப்பிள்ளை கழுத்தில்கூடப் போடுகிறோம். எட்டு ஆண்டு தாங்கும் என்று எந்தக் கணக்கில் வைப்பது?

திருச்சி_மலைக்கோட்டை

அப்படியானால் பிளாஸ்டிக் நோட்டு? பத்து ரூபாயில் 100 கோடி பிளாஸ்டிக் நோட்டு அடித்து கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், புவனேஸ்வர், சிம்லா ஆகிய ஐந்து நகரங்களில் சோதிக்கப்போவதாகச் சொன்னார்களே.

பழைய_காசாளர்

சொன்னார்கள், புழக்கத்துக்கு வரவில்லை. 2018இல் கோனார்க் சூரியக் கோயில் படம் போட்ட புதிய பத்து ரூபாய்த் தாள்தான் வந்தது.

இதில்தான் எனக்கு மன வருத்தம். பத்து ரூபாய் நாணயத்தை மக்கள் வாங்க வேண்டும் என்று 2018 ஜனவரியில் அறிக்கை விட்டார்கள். அதே மாதத்தில் பத்து ரூபாயில் புதிய நோட்டும் வெளியிட்டார்கள். 2019இல் இருபது ரூபாய் நாணயத்தை அறிவித்தார்கள், அதே ஆண்டில் எல்லோரா படத்தோடு புதிய இருபது ரூபாய் நோட்டும் வந்தது. இரண்டையும் ஒன்றாக விட்டால் மக்கள் லேசானதைத்தான் எடுப்பார்கள். அதில் மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிங்கை_வாசகி

சிங்கப்பூரில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர், 1987இல் காசாக மாறியது. தாளை வெளியிடுவதை நிறுத்தினார்கள், அதோடு பிரச்சினை முடிந்தது. இப்போது வெளியிடும் தாள்களில் சின்னது இரண்டு வெள்ளி, அதுவும் பிளாஸ்டிக்.

ஆனால் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் கதை வேறு. அங்கே ஒரு ரிங்கிட் காசு இருந்தது. போலிக் காசு பெருகியதால் 2005 டிசம்பரில் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டு முழுக்கத் தாளுக்கே திரும்பிவிட்டார்கள். ஆக, நாணயத்துக்குப் போனவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள் என்பதில்லை. போலி அடிக்க முடியாதபடி செய்ய வேண்டும். பிரிட்டனில்கூடப் பழைய வட்டமான பவுண்டு நாணயத்தில் முப்பதில் ஒன்று போலி என்ற நிலை வந்த பிறகுதான் 2017இல் 12 பக்க, இரட்டை உலோக நாணயத்துக்கு மாறினார்கள்.

யாழ்_தபால்

இலங்கையில் பத்து ரூபாய்த் தாள் இப்போது அச்சடிப்பதில்லை. 2011இல் வந்த புதிய வரிசையில் ஆகச் சின்னத் தாள் இருபது ரூபாய்தான். பத்து ரூபாய் குற்றியாக (நாணயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வந்துவிட்டது, 11 பக்கம் கொண்டது. வாங்க மாட்டேன் என்று கடையிலோ பஸ்ஸிலோ ஒருவரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதற்குப் பதிலாகக் கேட்பதற்குத் தாள் இல்லை.

எங்களுடைய அனுபவத்தில் குற்றியை அடித்தது விலைவாசிதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு பத்து ரூபாய்க்குப் பஸ்ஸில் ஏறக்கூட முடியாது. மீதியாகத் தந்தால் வாங்கி வைப்பது, பிறகு உண்டியலில் போடுவது, அவ்வளவுதான். மாற்றுவதென்றால் அந்தக் காசுக்கு ஏதாவது ஒரு பொருள் வாங்க முடிகிற காலத்திலேயே மாற்றிவிட வேண்டும். பிந்தினால் பயன் இல்லை.

விரல்நுனி

எனக்குப் பார்வை இல்லை. இந்த விவாதத்தில் எங்கள் பக்கத்தையும் வையுங்கள்.

பத்து ரூபாய் நோட்டின் நீளம் 123 மில்லிமீட்டர், இருபது ரூபாய் 129, அகலம் இரண்டுக்கும் ஒன்றே. புதிதாக இருக்கும்போதே ஆறு மில்லிமீட்டரை விரலால் அளந்து சொல்வது கஷ்டம். நைந்து சுருங்கிய நோட்டில் முடியவே முடியாது. ரிசர்வ் வங்கி 2020இல் மணி என்ற செயலியை வெளியிட்டது, கேமராவில் காட்டினால் நோட்டின் மதிப்பைச் சொல்லும். நெரிசலான பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா?

நாணயம் அப்படி இல்லை. பழைய இரண்டு ரூபாய்க்கு 11 பக்கம் இருந்தது, தொட்டவுடன் தெரியும். பிறகு வட்டமாக்கிக் குழப்பிவிட்டார்கள். ஒரு ரூபாயா, இரண்டா என்று ஏமாந்தவர்கள் எங்களில் ஏராளம். 2019இல் பார்வையற்றவர்களையும் மனத்தில் வைத்து ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபது என்று புதிய வரிசையை அறிவித்தார்கள். இருபது ரூபாய்க்கு 12 பக்கம். பத்தும் இருபதும் ஒரே 27 மில்லிமீட்டர் அளவு என்றாலும் ஓரத்தைத் தொட்டால் போதும்.

ஐம்பது ரூபாய்க்கும் நாணயம் வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று 2025இல் நிதி அமைச்சகம் பதில் சொன்னது. 2022இல் ரிசர்வ் வங்கி நடத்திய ஆய்வில் பத்து, இருபது ரூபாய் நாணயத்தைவிட நோட்டையே மக்கள் விரும்புவது தெரிந்ததாம். கண் தெரிந்தவர்கள் பை கனக்கிறது என்கிறார்கள். அது நியாயமான குறைதான். எங்களுக்கோ யாரிடமும் கேட்காமல் மீதிச் சில்லறையைச் சரிபார்க்க முடிவது பெரிய விஷயம். நான் மாற்றத்தின் பக்கம்.

தேனி_மளிகை

விரல்நுனி அண்ணா, மிக்க நன்றி. இந்தக் கோணம் என் மனத்தில் வரவே இல்லை.

அந்த ஆய்வைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் கடைக்கு வருபவர்கள் நோட்டைக் கேட்பது கனத்துக்காக இல்லை. "இதை நான் வாங்கினால் அடுத்தவன் வாங்குவானா?" என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் இருக்கிற வரை நோட்டா நாணயமா என்று கேட்டால் எல்லாரும் நோட்டு என்றுதான் சொல்வார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயத்தை ஒருவரும் மறுப்பதில்லையே. மொய்க்கவரில் ஒட்டியிருக்கும் ஒரு ரூபாயைக்கூடப் பிய்த்துக் கடையில் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறோம். அதற்குத் தாள் போட்டி இல்லை.

ஓஎம்ஆர்_நண்பன்

எல்லாம் சரி, இன்னும் எத்தனை நாளைக்கு? இளநீர் வண்டியில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. பத்து ரூபாயை போனிலேயே அனுப்பிவிடுகிறோம். நாணயமும் வேண்டாம், நோட்டும் வேண்டாம் என்ற இடத்துக்கு நாமே போய்க்கொண்டிருக்கிறோம். அரசு அதில் செலவழிக்கட்டும்.

மாட்டுத்தாவணி_பூ

அண்ணா, அம்மா வண்டியிலும் அட்டை இருக்கிறது, நான்தான் ஒட்டினேன். ஆனால் அந்தப் பணம் என் கணக்குக்குத்தான் வருகிறது, அம்மாவிடம் பட்டன் போன். அவரிடம் பூ வாங்கும் பாட்டிகளிடமும் அதேதான். கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு, செருப்பு டோக்கன், உண்டியல், யாசகம், எல்லாம் கைக்காசுதான். போனில் வருவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கைக்காசு இருக்கிறவரை அது மதிப்போடு இருக்க வேண்டும் என்கிறேன்.

காசாளர் ஐயா சொன்னபடி நூறு நூறாகப் பையில் போட்டு, சலானும் ரிசர்வ் வங்கி அறிக்கையின் அச்சுப்படியும் எடுத்துக்கொண்டு நானே அம்மாவோடு போனேன். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், ஆனால் வாங்கிக் கணக்கில் வைத்துவிட்டார்கள். எல்லா அம்மாக்களும் அச்சுப்படியோடு போக முடியாது. வாங்குவதற்கு முதலில் வழி செய்யட்டும், அப்புறம் நோட்டை நிறுத்தட்டும். இந்த வரிசை மாறினால் நான் எதிர்ப்பேன்.

பழைய_காசாளர்

அம்மா, மிக்க மகிழ்ச்சி. வரிசை அதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் எல்லாக் கிளையிலும் நாணயத்துக்கென்று ஒரு நாள், ஒரு கவுண்டர். அரசுப் பேருந்து, ரேஷன் கடை, ஆவின் பாலகம், மின்கட்டண மையம் நான்கிலும் "பத்து, இருபது ரூபாய் நாணயம் வாங்கப்படும்" என்று பலகை. பிறகு பத்து ரூபாய் நோட்டை மட்டும் நிறுத்த வேண்டும். இருபதுக்கு இப்போது அவசரம் இல்லை.

கோவை_பைபாஸ்

ஒரு சந்தேகம். கடைக்காரர் சட்டப்படி எவ்வளவு நாணயம் வாங்கியே ஆக வேண்டும்? தருமபுரிப் பக்கம் ஒருவர் பத்து ரூபாய் நாணயமாகவே கொடுத்துக் கார் வாங்கியதாக 2022இல் செய்தி வந்ததே.

பழைய_காசாளர்

நாணயச் சட்டம் ஆறாம் பிரிவின்படி, ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்கள் 1,000 ரூபாய் வரை சட்டப்படி செல்லும். ஐம்பது காசு என்றால் பத்து ரூபாய் வரை. அதற்கு மேல் வாங்குவது வாங்குபவர் விருப்பம். கார் விற்றவர் விருப்பப்பட்டு வாங்கினார். ஆனால் டீக்கடையில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கொடுப்பவரிடம் செல்லாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

தேனி_மளிகை

பலகை யோசனை நன்றாக இருக்கிறது ஐயா. அரசு வைப்பதற்கு முன் நான் என் கடையில் வைத்துவிட்டேன்: "பத்து, இருபது ரூபாய் நாணயங்கள் எந்த வடிவமானாலும் வாங்கப்படும், மீதியாகவும் தரப்படும்." கீழே 14440 எண்ணையும் எழுதியிருக்கிறேன். பக்கத்துப் பேக்கரிக்காரரும் காய்கறிக் கடை அக்காவும் வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். லைன் வண்டிக்காரர்களிடம் பேசுவதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வணிகர் சங்கக் கூட்டத்தில் எடுக்கப்போகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் சங்கத்தில் பேசினால் என்ன சொன்னார்கள் என்று இங்கே போடுங்கள்.